புதன்கிழமை ராகுகாலம்

ஷோரூமில் ஏமாற்றித் தலையில் கட்டிய கார்க்கடனுக்கு நஷ்டஈடு கேட்டு இளம்பரிதியும் மனைவி மங்கையர்க்கரசியும் அதே காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பத்திரத்தைப் படிக்கவிடாமல் உங்களை அவசரப்படுத்தியது யார்?" என்று மனுவை விசாரிக்கும் இயந்திரம் டாஷ்போர்டு வழியாகக் கேட்டது.

"ஷோரூம்காரங்கதான்," என்றார் இளம்பரிதி.

கார் தன் பதிவிலிருந்து, கையெழுத்துப் போட்ட அன்று ஷோரூமில் நடந்த பேச்சை ஒலிக்கவிட்டது. விற்பனையாளர், "நிதானமா படிங்க சார்," என்றார். மங்கையர்க்கரசியோ, "அஞ்சு நிமிஷத்துல ராகுகாலம், சட்டுனு கையெழுத்துப் போடுங்க!" என்றாள்.

இளம்பரிதி மனைவியை முறைத்தார். "மனு தள்ளுபடி..." என்று தொடங்கியது இயந்திரம்.

"இருங்க!" என்று குறுக்கிட்டாள் மங்கையர்க்கரசி. "அன்னைக்குப் புதன்கிழமை, பன்னெண்டு மணிக்குத்தானே ராகுகாலம்? நாம கையெழுத்துப் போட்டது காலையில பத்து மணிக்கு. ராகுகாலம் வரப்போகுதுன்னு அவங்க ஷோரூம் சுவர்த் திரையில போட்டிருந்ததைப் பார்த்துத்தான் நான் பதறினேன். ஏ கார், அந்தத் திரையைக் காட்டு!"

"கடைசித் தவணை கட்டும்வரை நான் அவர்கள் சொத்து, அம்மா," என்றது கார்.