நூற்றுப்பத்து வயதில் ஒரு சம்பந்தம்

உயரமான ஜன்னல்கள் வழியே காலை வெயில் நீள மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. பலருடைய சிறு சேமிப்பைத் திரட்டி நூறு கம்பெனிகளில் பங்கு வாங்கி வைத்திருக்கும் இந்த முதலீட்டு டிரஸ்டுக்கு வயது நூற்றுப்பத்து. பெரிய நிறுவனம் ஒன்று இதைத் தன்னோடு இணைத்துக்கொள்ளக் கேட்கிறது. இன்று பங்குதாரர்களின் ஓட்டு. இருபது வருஷமாக இங்கே வரும் போன்களையெல்லாம் எடுக்கும் செயலாளர் அம்மா, மேசை ஓரத்தில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பின்வரிசையில் பங்குதாரரான ஒரு தையல்காரர் எழுகிறார். அவர் காலரில் ஓர் ஊசி குத்தியபடியே இருக்கிறது. "நூத்திப்பத்து வயசுல போய்ப் புதுசா கல்யாணமாங்க?" என்கிறார். நாற்காலிகள் குலுங்கச் சிரிப்பு. "லாபம் கூடும்னு அவங்க சொல்றாங்க," என்கிறார் தலைவர், கண்ணாடியைத் துடைத்தபடி. "கூடட்டும். நான் போன் பண்ணா அப்பவும் இந்தம்மாதான் எடுப்பாங்களா?" "அதுக்கு நான் வாக்குத் தர முடியாதுங்க." "அப்போ எனக்கு வேண்டாம்." தலைவர் கூட்டத்தைப் பார்க்கிறார். "வேண்டாங்கறவங்க கை தூக்குங்க." செயலாளர் அம்மா எழுந்து எண்ணுகிறார். வளையல் கைகள், மை படிந்த கைகள், கைத்தடியோடு சேர்ந்தே உயர்ந்த ஒரு கை. எண்ணிக்கை வரிசைக்கு வரிசை ஏறிக்கொண்டே போக, அறுபத்து மூன்றில் கண் கலங்கிக் கணக்குத் தவறுகிறது. சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறார். இந்த முறை மேசைப் பக்கத்திலும் ஒரு கை உயர்ந்திருக்கிறது, தலைவருடையது.