தார்ப்பாயின் ஒரு முனை

மத்தியான வெயிலில் பண்ணைக்காரர் குழியின் தார்ப்பாயை விலக்குகிறார். ஆறு மாடுகளின் கோடைத் தீவனத்துக்காக, கதிர் பால் பிடித்த மக்காச்சோளத்தைப் பச்சையாக நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து மூடிய சைலேஜ். பழப்புளிப்பாக மணக்கவேண்டியது ஈரச்சுவராக நாறுகிறது. மேலெல்லாம் வெள்ளைப் பூசணம். "காத்துப் படக்கூடாதுன்னுட்டு, தினமும் முனையைத் தூக்கி மோந்தது நீங்கதானே? இப்ப வயிறாற மோந்துக்குங்க," என்கிறாள் மனைவி. "பக்குவமா வருதான்னு பாத்தேன்டி." "அடுப்புல வெச்ச சோறா அது?" வெளியே மேய ஒரு பச்சைப் புல் கிடையாது, வானம் துடைத்து வைத்த தட்டு. அவர் அடியில் தோண்டி, பூசணம் படராத ஒரு பிடியை எடுத்துக் கறவையிடம் நீட்டுகிறார். மாடு மோந்து பார்க்கிறது. அதற்கு ஒரே தடவை போதும். தீவனத்தை மூக்கால் ஒதுக்கிவிட்டு, அவர் மணிக்கட்டில் வழியும் வியர்வை உப்பை நிதானமாக நக்கத் தொடங்குகிறது.