குப்பை வண்டி எங்கே?

2023 ஜூன் 17, தைவானின் தென்மேற்குக் கரை நகரம் ஒன்று. மின்சாரம் போய் வந்ததில், குப்பை வண்டி எந்தத் தெருவில் வருகிறது என்று காட்டும் இணையதளம் நின்றுபோனது.

பொழுதுபோக்காக அதை நடத்தும் ஜோ யின் அப்போது பெங்ஹூ தீவுக்குப் போகும் படகில் இருந்தாள். போன் அடித்தது.

“என்னம்மா, காலையிலேர்ந்து தளம் படுத்துக் கிடக்கு. வண்டியைத் தவற விட்டுட்டேன். வீடெல்லாம் இறால் தோல் நாறுது.”

“இலவசமா நடத்துறேன் சார். படகுல உக்காந்து சரிபண்ணிட்டுதான் இருக்கேன்.”

“இலவசம்னா பொறுப்பு வேண்டாமா?”

“இந்தக் குரல் எனக்குத் தெரியும். அனுமதி இல்லாத தளம், உடனே மூடுன்னு போன வாரம் மிரட்டின துப்புரவு அதிகாரிதானே நீங்க?”

“அது ஆபீஸ் விஷயம். இது என் வீட்டுக் குப்பை.”

படகு கரை சேருமுன் தளம் ஓடத் தொடங்கியது. திங்கட்கிழமை, அதை மூடச் சொல்லும் உத்தரவு அவர் கையெழுத்துடன் வந்தது.