அவரே மாட்டட்டும்

கணக்கர் கொக்கி மாட்டிய மாலையைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறவர்கள், அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் நடப்பார்கள்.

வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் அவர் வீட்டோடு இருந்தார். மனைவி மணிமாலை கோத்து விற்றுக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, கயிற்றின் நுனிகளில் உலோக மூடி வைத்து, குறடால் அழுத்தி, கொக்கி மாட்டும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அன்றைக்கே மாலைகளுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது.

கீழ் வீட்டு டீச்சரின் மாலை வகுப்பறையில் கழன்று சிதற, பிள்ளைகள் மணி பொறுக்கியதில் அன்று பாடமே நடக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் மாலை லிஃப்டில் ஏறும்போது நழுவி, கதவிடுக்கு வழியாகப் பாதாளத்துக்குப் போய்விட்டது. கூட நின்ற மேல்மாடி அம்மாள் மட்டும் "அடடா" என்றாராம்.

"கொக்கியும் என்னை மாதிரிதான். ஒரு இடத்துல நிலைச்சு நிக்காது. கம்பெனியை மூடினதுகூட நான் போட்ட கணக்காலதானோ என்னவோ" என்று கணக்கர் தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். மனைவிக்குச் சிரிப்பு வராது. வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, வேறு மாலை கோத்துக் கொடுப்பவள் அவள்தானே.

"நசுக்காதீங்கன்னா கேக்கறதே இல்ல. மூடியோட பல்லு கயித்தையே அறுத்துடுது. பசையும் ஒரு துளி போதும். நீங்க குளிப்பாட்டறீங்க" என்பாள்.

இந்த லட்சணத்தில்தான் ஒருநாள் மேல்மாடி அம்மாள் சின்னப் பெட்டி ஒன்றோடு வந்து நின்றார். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மாணிக்கம். பார்த்த மனைவி வாயைப் பிளந்தாள்.

"மாமியார் குடுத்தது. கறுப்புப் பட்டுக் கயித்துல கோத்துக் குடுங்க. நாளைக்கு எங்க ஆபீஸ்ல எல்லாரும் படகுல சுத்தப் போறோம். போட்டுக்கணும்."

"கொக்கியை நானே மாட்டிடறேன்" என்றாள் மனைவி அவசர அவசரமாக.

"வேணாம்மா, அவரே மாட்டட்டும். ஆம்பளைக் கைன்னா ஒரு அழுத்தம் இருக்கும்."

கணக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போன பிறகு அவரை நம்பி யாரும் ஒரு குண்டூசியைக்கூடக் கொடுத்ததில்லை.

அந்த அம்மாள் போனதும் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டை வித்தாலும் ஈடுகட்ட முடியாது. அப்புறம் ஒரு ஈ காக்காகூட என்கிட்ட மாலை வாங்க வராது. புரிஞ்சுதா?"

கணக்கர் பெட்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், வழக்கத்துக்கு மாறாகக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

மேஜைமேல் மணி டப்பா திறந்திருந்தது. அதற்குள் அதே அளவில் ஒரு சிவப்புக் கண்ணாடிக் கல் கிடந்தது. எடுத்து மாணிக்கத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றை ஒரு கையிலும் மற்றதை இன்னொரு கையிலும் தூக்கிப் பார்த்தார். நிறமும் கனமும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"என்னங்க, கதவை எதுக்குப் பூட்டினீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

வெகுநேரம் கழித்து, வியர்த்துக் கொட்டிய முகத்தோடு வெளியே வந்தார். மாலையை மனைவியிடம் நீட்டினார். "மேல குடுத்துட்டு வந்துடு" என்றவர் அவள் முகத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கொடுத்துவிட்டு வந்த மனைவி மணி டப்பாவை மூடப் போனாள். சிவப்புக் கண்ணாடிக் கல்லைக் காணவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மேல்மாடி அம்மாள் புயல்போல நுழைந்தார். தலை கலைந்து, முகம் சிவந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, மாலையை மேஜைமேல் வீசினார்.

"என்ன வேலைங்க இது? உங்களைப் போய் நம்பினேனே!"

மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் நேத்தே நினைச்சேன். டப்பாவுல சிவப்புக் கல்லைக் காணோம். கல்லை மாத்திட்டீங்களா? சொல்லுங்க, மாத்திட்டீங்களா?"

"ஐயையோ!" கணக்கர் பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கயிற்றை உருவினார். அதன் நடுவில் கண்ணாடிக் கல் ஆடியது. "இதோ இருக்கு பாரு. இதுல கொக்கியைப் போட்டுப் போட்டுப் பழகிட்டுத்தான் அதைத் தொட்டேன். நீ சொன்ன மாதிரியே லேசா அழுத்தி, ஒரே ஒரு துளி பசை. பாத்தா நீ சிரிப்பியேன்னுதான் கதவைப் பூட்டினேன். திருடறதுக்கெல்லாம் இந்தக் கை சரிப்பட்டு வருமா?"

பிறகு மேல்மாடி அம்மாள் பக்கம் திரும்பி, கை கூப்பாத குறையாகச் சொன்னார்: "மேடம், அது உங்க கல்லேதான். கொக்கியை வேணா இழுத்துப் பாருங்க. யானையைக் கட்டி இழுத்தாலும் கழலாது!"

"இழுக்காம என்ன? ஆபீஸே பாத்துட்டிருக்க, படகு ஓரமா குனிஞ்சு குனிஞ்சு, யாருக்கும் தெரியாம இழுத்து இழுத்து, என் கழுத்துதான் புண்ணாச்சு!" மேல்மாடி அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க கொக்கியை நம்பித்தானே போன வாரம் இதுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தேன்!"