பின்னால் போன பன்னிரண்டு நிமிடம்

வருகைப் பதிவு சர்வரின் கடிகாரம் இன்று காலையும் பன்னிரண்டு நிமிடம் பின்னால் போயிருந்தது.

போய், ஐந்தே நிமிடத்தில் ஒன்றுமே நடக்காதது போலச் சரியான நேரத்துக்குத் திரும்பியும் இருந்தது.

அவன் உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டான். நெட்வொர்க்கில் நேரம் எங்கிருந்து வருகிறதோ அதையும் சோதித்துவிட்டான். இயந்திரங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மிச்சம் மனிதர்கள்தான். அதில் அவன் ஆசைப்பட்ட குற்றவாளி ஒருத்தி இருந்தாள்.

இவனுக்கு ஐந்து வருடம் கழித்து வந்து சேர்ந்தவள். இப்போது அவள்தான் தலைமைப் பொறியாளர். ஜன்னலோர நாற்காலி அவளுக்கு, சர்வர் அறைச் சாவி அவள் கழுத்தில். எட்டு வருடம் குப்பை கொட்டியவன் அவளிடம் போய் லீவு கேட்க வேண்டும். அவள் “அண்ணா” என்று சிரித்துக்கொண்டே கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

சர்வரின் லாக் பதிவு முழுவதையும் திறந்தான். நேரம் மாறிய ஒவ்வொரு இடத்திலும் மாற்றியது ஒரே லாகின். அவளுடையது. பதினோரு தேதிகள், எல்லாம் காலை ஒன்பது தாண்டி.

“மாட்டுனியா!” என்று வாய்விட்டே சொன்னான். அடடா, எத்தனை நாள் கழித்து இப்படியொரு சந்தோஷம்! ஏன் செய்தாள் என்று யோசிக்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. அப்படியே படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பினான்.

பத்து நிமிடத்தில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

கண்ணாடி வழியே ஆசை தீரப் பார்த்தான். மேனேஜர் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அவன் போன் அடித்தது.

“யாருக்காகப் பண்ணினேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறாப்பா. அந்தந்த அஞ்சு நிமிஷத்துல யார் யார் கார்டு தேய்ச்சாங்கன்னு எடுத்துட்டு வா.”

இரண்டு நிமிட வேலை. பிரிண்டர் ஒரே ஒரு தாளைத் தள்ளியது.

பதினோரு வரிகள். பதினொன்றிலும் அவன் பெயர்.

இன்னொரு முறை தாமதமானால் வேலை கிடையாது என்று கடிதம் வாங்கிய பிறகு, மகளை மருத்துவமனையில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து, கார்டைத் தேய்த்து, எட்டு ஐம்பத்தெட்டு என்று பார்த்து, அப்பாடா என்று அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட காலைகள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மேனேஜர் சீக்கிரம் வா என்று கையசைத்தார்.