போலந்துப் படிப்பு

வெள்ளைக் கோட்டு ஷர்மினிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மலேசியாவின் அந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் தலைவர் அர்ச்சுனன், வழியனுப்பு விழா மேடையில் அவள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பையும் மாட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தோட்டத்துக்கு இது ரெண்டாவது டாக்டர் லா. நல்லா கைதட்டுங்க."

முதல் டாக்டர் அவருடைய மகன் தனேஸ்வரன். எட்டு வருஷமாகப் போலந்தில் இருக்கிறான். லீவில் வந்திருந்தவன் மேடை ஓரத்தில் நின்று தானும் கைதட்டினான்.

முன்வரிசையில் ஷர்மினியின் அப்பா ஜெயபாலனுக்கு மட்டும் கை எழவில்லை. மகள் டாக்டருக்குப் படிக்கப் போகவில்லை என்பது அந்த மண்டபத்தில் அவர் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும்.

ஷர்மினி படிக்கப் போவது இசை நாடகம். பாடவும் ஆடவும் நடிக்கவும் ஒன்றாகச் சொல்லித்தரும் பட்டப்படிப்பு. பள்ளிக்கூடத்து மேடையில் பிடித்த பைத்தியம், விடவில்லை.

அப்பாவும் மகளும் மூன்று மாதம் லேப்டாப்பில் தேடினார்கள். லண்டனில் கேட்ட பீஸைப் பார்த்ததும் ஜெயபாலன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மெல்பர்னில் பீஸ் பரவாயில்லை, வாடகைதான் பயமுறுத்தியது. கடைசியில் போலந்தின் ஒரு சின்ன ஊரில், ஆங்கிலத்திலேயே நடத்தும் கல்லூரி ஒன்று கிடைத்தது. பாடி அனுப்பிய வீடியோவைப் பார்த்து இடமும் கொடுத்துவிட்டார்கள்.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் ஜெயபாலனின் சேமிப்பு பீஸுக்குச் சரியாகப் போனது. விமான டிக்கெட்டும் முதல் ஆறு மாத வாடகையும்தான் இடித்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் அர்ச்சுனன் கோயிலில் வைத்து, பிள்ளை எந்த ஊருக்குப் போகிறாள் என்று கேட்டார். போலந்து என்றார் ஜெயபாலன். அப்படியானால் டாக்டர் படிப்புதான், தன் மகன் போன அதே படிப்பு என்று அர்ச்சுனனே முடிவு கட்டிவிட்டார். அந்தக் கோலா கங்சார் தோட்டத்திலிருந்து போலந்து போனவன் தனேஸ்வரன் ஒருவன்தான். போலந்தில் வேறு எதுவும் சொல்லித்தர மாட்டார்கள் என்பது எல்லாருடைய எண்ணம்.

ஜெயபாலன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா சிரித்துவைத்தார். அடுத்த வாரமே பேனர் அடித்தார்கள், வீடு வீடாகப் போய் உதவியும் கேட்டார்கள். விழாவில் உறையில் போட்டுத் தருவதாக ஆளாளுக்குச் சொன்ன தொகையே டிக்கெட்டுக்கும் வாடகைக்கும் போதுமானதாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஷர்மினி இரண்டு தடவை கெஞ்சினாள். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெயபாலன்தான் அவள் வாயை அடைத்தார்.

மேடையில் ஒவ்வொருவராக வந்து ஷர்மினியின் கையில் உறையைக் கொடுத்தார்கள். நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காளியம்மா, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். காலையில்தான் அந்த முட்டியைத் தனேஸ்வரனிடம் காட்டியிருந்தார். கிளினிக்குக்குப் போங்க என்று சொல்லிவிட்டு அவன் நழுவிவிட்டான். லீவில் வந்த டாக்டரைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று அர்ச்சுனன் அப்போது எல்லாரையும் கண்டித்தார்.

காளியம்மா உறையை ஷர்மினியின் கையில் திணித்தார்.

"நீ படிச்சி முடிச்சி வா கண்ணு. அதுவரைக்கும் இந்த வலிய வச்சிக்கிறேன்."

ஷர்மினி தலை குனிந்தாள். ஜெயபாலனுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. தன்மீதே அருவருப்பாக இருந்தது. மேடையேறி, மகள் கையிலிருந்த உறைகளை எல்லாம் வாங்கி மேசையில் வைத்தார். அர்ச்சுனனிடமிருந்து மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எம்மவ டாக்டருக்குப் போகல. பாட்டு, ஆட்டம், நாடகம், அதத்தான் படிக்கப் போறா. நீங்கல்லாம் வேற மாதிரி நெனச்சீங்க. காசு கெடைக்குதேன்னு நான் பேசாம இருந்துட்டேன். தப்பு என்னோடது, புள்ளையோடது இல்ல. எல்லாரும் அவங்கவங்க காச எடுத்துக்குங்க."

ஷர்மினி கோட்டைக் கழற்றி மடித்து உறைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். டிக்கெட் போனது, போலந்து போனது என்று ஜெயபாலனுக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

அர்ச்சுனனுக்கு முகம் சிவந்துவிட்டது. தோட்டத்து மானத்தை வாங்கிவிட்டாய் என்றார். தன் மகனைப் பெற்றதற்குத் தான் எவ்வளவு கொடுத்துவைத்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டார். கோபம் அடங்காமல் மேடை ஓரத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"டாக்டர், நீ வா. போலந்துக்குப் போயி கூத்தாடுறதெல்லாம் ஒரு படிப்பான்னு இவருக்குச் சொல்லு."

தனேஸ்வரன் தயங்கித் தயங்கி வந்தான். எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். திட்டு வாங்கத் தயாராக ஜெயபாலன் மைக்கை நீட்டினார். வாங்கிக்கொண்ட தனேஸ்வரன் அவரைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பிறகு அர்ச்சுனன் பக்கம் திரும்பினான்.

"அப்பா, நானும் டாக்டர் இல்லப்பா."