ஆணி அடிக்க ஓர் இடம்

பழைய காகிதங்களை ஊறவைக்கும் தொட்டியில் ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியும் சேர்ந்து கிடந்தன.

"தள்ளிப் படு. என் தங்க எழுத்து அழுக்காயிடும்" என்றது பத்திரிகை.

"நான் ஃபிரிட்ஜையே சுமந்தவன். நீ என்னத்தைச் சுமந்தே?" என்றது அட்டை.

மூன்றாம் நாள் இரண்டையும் கூழாக அரைத்து, களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்து, பலகையாக அழுத்திக் காயவைத்தார்கள். செண்பகத்தின் வீட்டில் அந்தப் பலகை தடுப்புச் சுவராக நின்றது. சண்டை மட்டும் ஓயவில்லை.

ஒருநாள் செண்பகம் படம் மாட்ட ஆணியும் சுத்தியலுமாக வந்தாள்.

"அம்மா, அட்டை இருக்கிற இடத்துல அடிங்க!" என்று பதறியது பத்திரிகை.

"பத்திரிகை மேலேயே அடிங்க!" என்று கத்தியது அட்டை.

"சரி, யார் எங்கே இருக்கீங்க?"

இரண்டும் தங்களைத் தேடின. வெகுநேரம் தேடின.

கடைசியில் சுவர் ஒரே குரலில் சொன்னது: "அம்மா, படத்தைப் பக்கத்து அறையில மாட்டிக்கலாமே?"